கொடியைக் கொடுத்த பிறகு

வலியசாலை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நாகர்கோவிலிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. உங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன பையன் ஒருவன் எல்லையில் இறந்து, பெட்டி வந்து, துப்பாக்கிகள் முழங்கி, தேசியக் கொடியை மடித்துத் தாயின் கையில் வைத்துவிட்டு வண்டிகள் திரும்பிப் போனதை எழுதியிருந்தீர்கள். அன்று கூடிய கூட்டத்தில் பாதிப் பேர் மறுவாரம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை என்றும், என்ன பேசுவது என்று தெரியாமல் நீங்களும் போகவில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். பிறகு அந்தக் கேள்வி. இதெல்லாம் கருணையா, வெறும் சடங்கா? சாகவும் சாகடிக்கவும் பழகிய ஒரு படைக்குப் பெற்ற வயிறு எரிவது தெரியுமா?

தெரியும் என்றே நான் நம்புகிறேன். நம் படைக்கு அது ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்ட படைகள் உண்டு. அதையும் இந்தக் கடிதத்தில் எழுதத்தான் போகிறேன்.

சடங்கைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நான் அக்ரகாரத்தில் வாழ்கிறவன். சாவு விழுந்த வீட்டில் பத்து நாள் காரியம் நடப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். எள்ளும் தண்ணீரும் இறந்தவனைத் திருப்பிக் கொண்டுவராது என்று அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். இருந்தும் இன்ன நேரத்தில் இன்னது செய் என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாவிட்டால், அந்த வீட்டில் ஒருவராலும் எழுந்து நிற்க முடியாது. பட்டாளம் செய்வதும் அதுதான். தலைகீழாகப் பிடித்த துப்பாக்கியும், கொம்பின் நீண்ட ஓசையும், ஒவ்வொரு மடிப்பாக மடிக்கப்படும் கொடியும் தாய்க்கு ஒன்றைச் சொல்கின்றன: உன் மகனின் சாவை இத்தனை பேர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். இது சிறிய காரியம் இல்லை. உங்கள் கேள்வியின் கனம், வண்டிகள் போன பிறகு என்ன என்பதில் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு வந்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். 2024 அக்டோபர் 3ஆம் தேதி, விமானப்படை விமானத்தில் ஒரு உடல் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. பத்தனம்திட்டை மாவட்டம் இலந்தூரைச் சேர்ந்த தாமஸ் செறியானின் உடல். அவர் இறந்தது 1968 பிப்ரவரி 7 அன்று. சண்டீகரிலிருந்து லேவுக்குப் புறப்பட்ட ஏ.என்.-12 விமானம், வானிலை மோசமானதால் பாதி வழியில் திரும்பி, ரோஹ்தங் கணவாய்ப் பக்கம் மறைந்துபோனது. அதில் இருந்தவர்கள் 102 பேர். தாமஸ் செறியான் ராணுவத்தின் பொறியியல் பிரிவான இ.எம்.இ.யில் பயிற்சி முடித்து, பணியிடத்துக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞர். வயது 22.

முப்பத்தைந்து வருடம் அந்த விமானத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. 2003இல் மலையேறும் பயிற்சிக்குப் போனவர்கள் பனியாற்றில் சிதைவுகளைக் கண்டார்கள். அதன் பிறகு 2005, 2006, 2013, 2019 என்று ராணுவம் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. டோக்ரா ஸ்கவுட்ஸ் என்ற படைப்பிரிவுக்கு இதில் பெரிய பங்கு. பதினாறாயிரம் அடிக்கு மேல், வருடத்தில் மிகச் சில வாரங்களே கால்வைக்க முடிகிற இடம். 2019 வரை ஐந்து உடல்கள்தான் கிடைத்தன. 2024 செப்டம்பர் கடைசியில் இன்னும் நான்கு. அவற்றில் ஒன்று தாமஸ் செறியான். ஐம்பத்தாறு வருடப் பனியில் கிடந்த உடலோடு இருந்த காகிதங்களிலிருந்து ஆளை அடையாளம் கண்டார்கள்.

அன்றிரவு உடலைப் பாங்கோடு ராணுவ முகாமில் வைத்திருந்தார்கள். எங்கள் வலியசாலையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், கரமனையாறு தாண்டாமலே போய்விடலாம். ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் நாயர் படை இருந்த இடம் அது. மறுநாள் இலந்தூரில், அவர் சொந்த ஊரில், தேவாலயக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம். உடன்பிறந்தவர்கள் முதுமையில் நின்று பார்த்தார்கள். அவர்களின் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள், தாங்கள் பார்த்தேயிராத இருபத்திரண்டு வயதுப் பெரியப்பாவைத் தோளில் சுமந்தார்கள். பெற்றவர்கள் அதைப் பார்க்க இருக்கவில்லை.

அது போர்ச்சாவு இல்லை, விபத்துதான். ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இந்தத் தேடலால் ராணுவத்துக்கு ஒரு சல்லிக்காசு லாபம் கிடையாது. கேட்கவும் யாரும் இல்லை. 1968இல் இறந்துபோன ஒரு தொழில்நுட்பச் சிப்பாய்க்காக 2024இல் பனியாற்றில் கயிறு கட்டி இறங்கியவர்களில் பலர், அந்த விமானம் விழுந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். தாய் இறந்த பிறகும் தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

ஆனால் நம் படை எப்போதும் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் போர்முனைக்குப் பக்கத்திலேயே எரித்தார்கள், அல்லது புதைத்தார்கள். வீட்டுக்கு வந்தது ஒரு தந்தி. பிறகு ஒரு டிரங்குப் பெட்டி. இலங்கைக்கு நம் அமைதிப்படை போன 1987 முதல் 1990 வரையிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜவான்கள் அங்கே இறந்தார்கள். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் விழுந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயராவது நமக்குத் தெரிகிறது. மற்ற வீடுகளில் பல தாய்மார்கள், சாம்பலை மட்டும் பார்த்தவர்கள், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிற பழக்கத்தைக் கடைசி வரை விடவில்லை. முகத்தைப் பார்க்காத சாவை மனம் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை.

1999 கார்கில் போரில்தான் இது மாறியது. இறந்த ஒவ்வொருவரின் உடலையும் அவரவர் ஊருக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. அந்தக் கோடையில் 527 பேர் இறந்தார்கள். கேமராக்கள் பின்னாலேயே வந்தன என்பதும், அரசியல்வாதிகள் வரிசையில் நின்றார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அந்த முடிவை நான் நம் நாடு எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்றாக நினைக்கிறேன். வெங்ஙானூர் எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. அந்த ஊர்க்காரர் கேப்டன் ஜெரி பிரேம்ராஜ். முதலில் விமானப்படையில் சேர்ந்து, பிறகு ராணுவ அதிகாரியானவர். பீரங்கிப் படைக்கு இலக்குப் பார்த்துச் சொல்வதற்காகக் காலாட்படையோடு மலையேறியவர், அடிபட்ட பிறகும் நிறுத்தாமல் ஜூலை 7 அன்று திராஸ் பகுதியில் உயிரை விட்டார். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்த விருதைவிட, அவர் அம்மாவால் மகனின் முகத்தைப் பார்த்து அழ முடிந்தது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

திருச்சி மேஜர் மாரியப்பன் சரவணனின் அம்மாவுக்கு அதுகூட உடனே கிடைக்கவில்லை. மே 29 அன்று படாலிக் மலையில் விழுந்த மகனின் உடல் ஒரு மாதத்துக்கு மேல் இரண்டு படைகளுக்கும் நடுவில் கிடந்தது. ஜூலையில்தான் எடுக்க முடிந்தது. மகன் இறந்துவிட்டான் என்று தெரியும், அவன் எங்கே கிடக்கிறான் என்றும் தெரியும், ஆனால் எடுக்க முடியாது. அந்த ஒரு மாதத்தை அந்த வீடு எப்படிக் கடந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இதே நிலையில் டெல்லியில் இன்னொரு தாய் இருந்தார். ஹேமா அஸீஸ், சாஸ்திரிய சங்கீதப் பாடகி. அவர் மகன் கேப்டன் ஹனீஃபுதீன், ராஜபுதானா ரைபிள்ஸின் 11ஆம் பட்டாலியன், ஜூன் 6 அன்று துர்துக் பகுதியில் இறந்தார். உடலை எடுக்கப் போனால் மேலே இருந்து சுடுகிறார்கள். ராணுவத் தளபதி ஜெனரல் மாலிக் நேரில் வந்து, முயன்றுகொண்டிருக்கிறோம், முடியவில்லை என்று அந்தத் தாயிடம் சொன்னார். என் மகனின் உடலுக்காக இன்னொரு தாயின் மகன் சாக வேண்டாம் என்றார் அவர். போர் அடங்கிய பிறகு, நாற்பது நாளுக்கு மேல் கழித்து, உடல் வந்தது. இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் தாயின் பெருமையைத்தான் பேசுவார்கள், பேசவும் வேண்டும். நான் அதோடு இன்னொன்றையும் பார்க்கிறேன். போர் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு தளபதி ஒரு கேப்டனின் வீட்டுக்குப் போய், எங்களால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்தத் தாயால் அப்படிச் சொல்ல முடிந்தது, அவரிடம் உண்மை சொல்லப்பட்டதால்தான்.

உண்மை என்றேன். பெற்றவர்கள் படையிடம் கேட்பதில் முதலாவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படி இறந்தான், எந்த இடத்தில், பக்கத்தில் யார் இருந்தார்கள், தண்ணீர் கேட்டானா. 1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் கீழ் இருந்த குமாவோன் படையினரில் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்தார்கள். தப்பி வந்த சிலர், கடைசி ஆள் வரை சண்டை போட்டோம் என்று சொன்னபோது ஊரில் நம்பவில்லை. ஓடிவந்தவர்கள் என்று ஒதுக்கினார்கள். அடுத்த வருடம் பனி இளகி, ஒரு இடையர் அந்த உடல்களைக் கண்டபோது, துப்பாக்கியைப் பிடித்த கைகள் பிடித்தபடியே உறைந்திருந்தன. ஹரியானாவின் அந்தக் கிராமங்களில் பெற்றோர் அத்தனை மாதமும் துக்கத்தோடு அவமானத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார்கள். நேரத்தில் போய்ச் சொல்ல ஆள் இல்லாததால் வந்த கொடுமை இது.

இன்று யூனிட்டிலிருந்து ஒருவர் உடலோடு வருகிறார். பெரும்பாலும் கூடவே இருந்தவர், ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர். உங்கள் தெருவுக்கும் அப்படி ஒருவர் வந்திருப்பார். சுபேதாரோ ஹவில்தாரோ, இந்தி கலந்த தமிழில் அந்த அப்பாவிடம் மெல்லப் பேசிக்கொண்டிருந்த ஒரு ஆளை நீங்கள் கவனித்திருக்கலாம். கலெக்டர், எம்.எல்.ஏ. எல்லோரையும்விட அந்த வீட்டுக்கு முக்கியமானவர் அவர்தான்.

சில படைப்பிரிவுகள் அதற்கு மேலும் செய்கின்றன. லெப்டினன்ட் விஜயந்த் தாப்பர், இருபத்திரண்டு வயது, 1999 ஜூன் 29 அன்று திராஸில் இறந்தார். சாவுக்கு முன் எழுதி வைத்த கடிதத்தில், முடிந்தால் வந்து இந்த இடத்தைப் பாருங்கள் என்று பெற்றோரைக் கேட்டிருந்தார். தனக்குப் பழக்கமான ஒரு காஷ்மீரச் சிறுமிக்கு மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்து வரும்படியும் எழுதியிருந்தார். அவர் அப்பா கர்னல் வி.என். தாப்பர் ஆண்டுதோறும் திராஸுக்குப் போய் வந்தார். மூச்சு வாங்கும் உயரத்தில், ராணுவத்தார் துணைக்கு வர, மகன் விழுந்த பாறை வரைக்கும் ஏறினார். அப்பா கர்னல் என்பதால் நடந்தது என்று நீங்கள் நினைக்கலாம். சிப்பாய்களின் பெற்றோரையும் திராஸ் நினைவிடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. கமுதியிலோ நெய்யாற்றின்கரையிலோ இருக்கும் ஒரு கூலிக்காரத் தகப்பனுக்கு லடாக் என்பது சொல்லக் கேட்ட பெயர். கூப்பிட்டால் போவார், தானாகக் கேட்க மாட்டார். கேட்கட்டும் என்று காத்திராமல் படையே ஒவ்வொரு வீட்டையும் ஒரு முறையாவது அந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

பணத்தைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். மணமாகாத மகன் என்றால் ஓய்வூதியம் பெற்றோருக்கு. மணமானவன் என்றால் மனைவிக்கு. மனைவிக்குக் கொடுப்பது முறைதான், இளம் விதவையிடமிருந்து ஒரு ரூபாயைப் பிடுங்குவதை யாரும் நியாயம் என்று சொல்லக்கூடாது. ஆனால் மகன் அனுப்பிய பணத்தில் மருந்து வாங்கிக்கொண்டிருந்த தாய் தகப்பனுக்கு அதன் பிறகு ஒன்றுமில்லை என்பதும் முறையாகாது. 2024இல் கீர்த்தி சக்ரா பெற்ற ஒரு அதிகாரியின் பெற்றோர் இதைப் பொதுவில் பேசியபோது, நாடு அதை மாமியார் மருமகள் சண்டையாகப் பார்த்துக் கைதட்டியது. எனக்கு அது வேதனையாக இருந்தது. இரண்டு துக்கங்களை ஒரே தொகைக்காக மோதவிடாமல், பெற்றோருக்குத் தனியாக ஒன்று ஒதுக்குவது அரசுக்கு முடியாத காரியமா?

ஒரே பிள்ளையை அனுப்பியவர்களைப் பற்றி நினைக்கும்போது எனக்குப் புறநானூறுதான் ஞாபகம் வருகிறது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய ஒரு தாய், முந்தின நாட்களில் தமையனையும் கணவனையும் போரில் இழந்தவள், மிச்சமிருந்த ஒரே சிறுவனைத் தலைவாரிக் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். பள்ளியில் இதைப் படித்துப் பெருமைப்பட்டோம். இந்த வயதில் படிக்கும்போது, அந்தப் பையனைத் திருப்பி அனுப்ப அந்தப் பாசறையில் ஒரு பெரியவர் இல்லையா என்று மனம் கேட்கிறது. அதே நூலில் நெட்டிமையார் பாடிய முதுகுடுமிப் பெருவழுதி, போருக்கு முன்பே அறிவிப்புச் செய்கிறான். பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடட்டும். முன்னோருக்கு நீர்க்கடன் செய்ய ஒரு மகனைப் பெறாதவர்களும் போய்விடட்டும். ஒரு வம்சம் தன் போரால் அற்றுப்போகக் கூடாது என்று நினைத்த ஒரு அரசன் நமக்கு இருந்திருக்கிறான்.

அமெரிக்காவுக்கு அந்த ஞானம் வர ஐந்து பிள்ளைகள் ஒரே வீட்டில் போக வேண்டியிருந்தது. சல்லிவன் சகோதரர்கள் ஐவரும் 1942 நவம்பரில், குவாடல்கனால் கடற்போரில், ஜூனோ என்ற ஒரே கப்பலோடு போனார்கள். இப்படிப்பட்ட இழப்புகளுக்குப் பிறகு, மிஞ்சியிருக்கும் ஒரே மகனைக் கட்டாயப் படைச் சேர்ப்பிலிருந்து விலக்கி 1948இல் சட்டம் செய்தார்கள். நம் படையில் கட்டாயம் கிடையாது, எல்லோரும் விரும்பிச் சேர்கிறவர்கள், ஆகையால் அந்தச் சட்டம் அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனால் அண்ணனை இழந்த வீட்டின் தம்பியும் சீருடையில் இருந்தால், பெற்றோர் கேட்கும் காலம் வரை அவனை எல்லைக்கு அனுப்பாமல் வைத்திருப்பதை விதியாகவே எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து.

இனி நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். தன் பிள்ளைகளின் தாய்க்கு இரங்குவது ஒரு படைக்குக் கடமை. எதிரியின் தாயிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் அந்தப் படையின் மனம் தெரிகிறது.

கார்கில் போரில் டைகர் ஹில்லில் பாகிஸ்தானின் கேப்டன் கர்னல் ஷேர் கான் கடைசி வரை நின்று போரிட்டு இறந்தார். கர்னல் என்பது அவர் பெயரிலேயே இருப்பது, பதவி கேப்டன்தான். அந்தப் போரில் எங்கள் படையே இல்லை, அவர்கள் முஜாஹிதுகள் என்று பாகிஸ்தான் அரசு அப்போது சொல்லிக்கொண்டிருந்தது. சொந்த நாடே பெயர் சொல்லத் தயங்கிய பிள்ளைகள். நம் பக்கத்துப் பிரிகேடியர் பாஜ்வா அந்த உடலைக் கீழே கொண்டுவரச் செய்தார். இவன் மிகவும் வீரமாகப் போரிட்டான், இவனுக்கு உரியதைக் கொடுங்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் அவருக்குத் தன் மிக உயர்ந்த விருதான நிஷான்-இ-ஹைதரைக் கொடுத்தது. திருப்பி வாங்கப்படாத மற்ற உடல்களை நம் ஜவான்கள் அந்த மலைகளிலேயே இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தார்கள். கார்கிலில் இறந்த 453 பேரின் பெயர்களைப் பாகிஸ்தான் ராணுவம் தன் இணையதளத்தில் வெளியிட்டது 2010இல். பதினோரு வருடம் அந்தத் தாய்மார்கள் எதைச் சொல்லி அழுதிருப்பார்கள்?

அந்த நாட்டிலிருந்தே இன்னொரு கதையும் உண்டு. 1971 டிசம்பர் 16, பஸந்தர் போர். பூனா ஹார்ஸ் படையின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால், வயது 21, எரிந்துகொண்டிருந்த டாங்கியைவிட்டு இறங்க மறுத்து எதிரி டாங்கிகளைச் சுட்டுக்கொண்டே இறந்தார். மறுநாள் போர் நின்றது. முப்பது வருடம் கழித்து, 2001இல், அவர் அப்பா பிரிகேடியர் எம்.எல். கேத்ரபால் எண்பத்தொரு வயதில், தான் பிறந்த சர்கோதாவைச் சாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று பாகிஸ்தானுக்குப் போனார். லாகூரில் பிரிகேடியர் க்வாஜா முகம்மது நாசர் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்தார். வீட்டார் எல்லோரும் அப்படிக் கவனித்தார்கள், அவருக்கே காரணம் புரியவில்லை. கடைசி இரவில் நாசர் சொன்னார். அன்று எதிர் டாங்கியில் இருந்தவன் நான். உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான்.

யோசித்துப் பாருங்கள். சொல்லாமலே அனுப்பியிருக்கலாம். எந்தச் சட்டமும் அவரைக் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு தகப்பனுக்கு மகனின் கடைசி நிமிடத்தைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம், அது தான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மகன் எங்கள் முன்னால் மலைபோல் நின்றான் என்றும் சொன்னார். கேட்டவரும் சிப்பாய், சொன்னவரும் சிப்பாய். கோபத்தில் பிரியவில்லை அவர்கள்.

நான் இருக்கும் இந்த வலியசாலையும் போரில் அடிபட்ட ஊர்தான். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் முதலில் வரும் வெற்றி காந்தளூர்ச் சாலை. அது இந்த இடம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள், வேறு இடம் சொல்வோரும் உண்டு. எங்கள் கோயில் சுவாமிக்கு இன்றும் காந்தளூர் மகாதேவர் என்றுதான் பெயர். வென்றவன் பெயர் ஆயிரம் வருடமாகக் கல்லில் நிற்கிறது. இந்தப் பக்கத்தில் விழுந்த பிள்ளைகளின் தாய்மார்களைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. வென்றவர்கள் எப்போதும் இப்படித்தான் எழுதினார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக இறந்த இந்திய, ஆப்பிரிக்கச் சிப்பாய்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர்கூடப் பொறிக்கவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் தாமதம்.

ஆனால் நம் காலத்தில், நம் மொழி பேசும் தாய்மார்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன்.

யாழ்ப்பாணத்தில் கோப்பாய் துயிலும் இல்லம் இருந்தது. விடுதலைப் புலிகளில் இறந்தவர்களை அடக்கம் செய்த இடம். 1995இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு இலங்கை ராணுவம் அதை இடித்தது. 2002 போர்நிறுத்தக் காலத்தில் மறுபடி கட்டினார்கள். போர் முடிந்த பிறகு, 2010இல், மறுபடி இடித்துத் தரைமட்டமாக்கி, 2011 மார்ச்சில் அதே மண்ணின் மேல் 51ஆம் டிவிஷனின் தலைமையகத்தைத் திறந்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மற்றத் துயிலும் இல்லங்களுக்கும் இதே கதிதான். இறந்தவர்களை நினைவுகூரும் நாளான நவம்பர் 27 அன்று ஒரு விளக்கு ஏற்றக்கூடப் பல வருடம் தடை. தன் பிள்ளை கிடக்கும் மண்ணின் மேல் ராணுவ வண்டிகள் நிற்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த தாய்மார்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

புலிகள் செய்ததை நான் மறைக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளைத் தாய் கதறக் கதற இழுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். துயிலும் இல்லத்தில் கிடந்தவர்களில் அப்படி இழுத்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. அதனால்தான் அந்த இடிப்பு இன்னும் கொடியது. ஒரு தரப்பு பிள்ளையைப் பறித்தது, இன்னொரு தரப்பு கல்லறையைப் பறித்தது. இரண்டும் ஒரே தாயிடமிருந்து.

அந்த நாட்டிலேயே வேறு வழி காட்டிய ஒரு தாயும் இருந்தார். கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச. அவர் மகன் இலங்கை ராணுவத்தில் இளம் அதிகாரி. 1998 செப்டம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல் போனவர்களில் ஒருவர். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. மகன் காணாமல் போன மற்றத் தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு அவர் சங்கம் தொடங்கினார். சிப்பாய்களின் கழுத்தில் அடையாளத் தகடு இருக்க வேண்டும் என்று தன் படையோடு போராடினார். பிறகு மகனைக் கொன்றிருக்கக்கூடியவர்களைத் தேடியே வன்னிக்குப் போனார். புலிகளின் தலைமையோடு உட்கார்ந்து, காணாமல் போனவர்களைப் பற்றிப் பேசினார், தமிழ்த் தாய்மார்களோடு சேர்ந்து சமாதானத்துக்காக வேலை செய்தார். இரண்டு படைத் தலைமைகளுக்கும் வராத துணிவு அது.

கோப்பாயில் அந்த முகாமை எடுத்துவிட்டு நிலத்தைப் பெற்றவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் அரசியல் எதுவும் இல்லை. இலங்கை ராணுவம் அதைச் செய்தால், அது வென்ற எந்தப் போரையும்விட அதற்கு அது பெருமை.

கடைசியாக உங்கள் தெருவுக்கு வருகிறேன். படை தன் பங்கைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. யூனிட்டிலிருந்து போன் வரும், வருடத்துக்கு ஒரு முறை கடிதம் வரும். ஆனால் யூனிட் இருப்பது ரஜௌரியிலோ தவாங்கிலோ. நீங்கள் இருப்பது நாலு வீடு தள்ளி. என்ன பேசுவது என்ற தயக்கத்தை விடுங்கள். அந்தப் பையனின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எல்லோரும் அந்தப் பெயரைத் தவிர்ப்பதுதான் அந்த அம்மாவுக்கு மிகவும் வலிக்கும். சின்ன வயதில் எப்படி இருந்தான், என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேளுங்கள். அழுதால் அழட்டும்.

அப்படியே ஒரு காரியமும் செய்யுங்கள். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெற்றோருக்கு வரவேண்டியவற்றுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்றா என்று விசாரியுங்கள். படிவம் நிரப்பவும், வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவும், வருடாவருடம் உயிர்ச் சான்று கொடுக்கவும் வயதானவர்கள் தனியாக அலைய முடியாது. ஆசிரியராக இருந்தவர் நீங்கள், உங்கள் கையெழுத்துக்கும் பேச்சுக்கும் அந்த அலுவலகத்தில் மதிப்பு இருக்கும். இந்த வாரமே அவர்களோடு கூடப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வலியசாலைக்காரன்